எந்த ஆண்டின் பாம்பன்? மாதிரி ரயில் அமைப்பில் தடமும் நிலக்காட்சியும் (1902–2025)

பாம்பன் பழைய ரயில் பாலத்தின் நீளம் 2,065 மீட்டர். மாதிரி ரயில் கட்டுவோர் உலகெங்கும் அதிகம் கையாளும் எச்.ஓ. அளவில், அதாவது நிஜத்தின் 87இல் ஒரு பங்காக, அதைச் செய்தால் 23.7 மீட்டர் வரும். ஒரு கல்யாண மண்டபத்தின் நீளம் அது. ஆகவே வீட்டு மேசையில் கட்டுபவர் நடுவிலுள்ள தூக்குப் பாலத்தையும் இருபுறமும் சில கண்களையும் மட்டும் செய்துகொள்ள வேண்டியதுதான். மூன்று மீட்டர் மேசையில் 70 செ.மீ. தூக்குப் பாலமும் பக்கத்துக்கு எட்டாக, ஒவ்வொன்றும் 14 செ.மீ. அளவுள்ள பதினாறு கண்களும் அடங்கிவிடும். இப்படி நீளத்தைச் சுருக்குவதில் குற்றமில்லை. ஆனால் காலத்தைச் சுருக்கக் கூடாது. தனுஷ்கோடிக்குப் போகும் போட் மெயிலுக்குப் பக்கத்தில் சாலைப் பாலம் நின்றால் அந்த அமைப்பு பொய் சொல்கிறது. சாலைப் பாலம் திறக்கப்பட்டது 1988 அக்டோபர் 2ஆம் தேதி. தனுஷ்கோடித் தடம் அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே கடலோடு போய்விட்டது.

ராமநாதபுரம், ராமேஸ்வரம் கரையில் ஒரே இடத்தில் நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குள் ஒன்றுக்கொன்று ஒவ்வாத நான்கு இருப்புப் பாதைகள் இருந்திருக்கின்றன. தண்டவாளத்தின் உயரம், ஸ்லீப்பரின் நீளம், கரையில் நிற்கும் மரம், கடலில் மிதக்கும் படகு என்று எதை எடுத்தாலும் அது ஓர் ஆண்டைச் சொல்லிவிடும். அந்த மாற்றங்களை வரிசைப்படுத்தி, மாதிரி அமைப்பவருக்குத் தேவையான அளவுகளோடு சேர்த்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

தடம் தீவுக்கு வந்த வரிசை

தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் மதுரை–மண்டபம் மீட்டர் கேஜ் பாதை 1902இல் திறக்கப்பட்டது. மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி வழியாக வந்த தடம் மண்டபத்தில் கடலைப் பார்த்து நின்றது. 1906இல் பாம்பனிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் பாதை திறந்தார்கள். பாலம் வருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே தீவுக்குள் ரயில் ஓடியது. நடுவிலிருந்த நீரைப் படகில்தான் கடக்க வேண்டும். மாதிரி அமைப்பவர்கள் இந்த எட்டு ஆண்டுகளைப் பொருட்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. இடம் குறைவாக உள்ளவருக்கு இதைவிடப் பொருத்தமான கருப்பொருள் கிடையாது: தனியே கிடக்கும் ஒரு தீவுத் தடம், சிறு எஞ்சின், கரையில் தோணிகள். பாலமே தேவையில்லை.

பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. அதுவரை தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குப் போன போட் மெயில் அதன் பின் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. பாம்பன் ஒரு சந்திப்பாயிற்று: ஒரு தடம் ராமேஸ்வரத்துக்கு, மற்றொன்று தனுஷ்கோடித் துறைக்கு. தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கியவர் நீராவிக் கப்பலேறித் தலைமன்னாரில் மறுபடி ரயிலேறினார். இந்தப் பக்கம் மீட்டர் கேஜ், 1,000 மி.மீ.; அந்தப் பக்கம் இலங்கையின் அகலப் பாதை, 1,676 மி.மீ. இரு கரைகளையும் ஒரே அமைப்பில் காட்ட நினைப்பவர் இரண்டு அகலத் தடம் போட்டாக வேண்டும்.

மில்லிமீட்டரில் தெரியும் காலம்

எச்.ஓ. அளவில் வழக்கமாக விற்கும் தடத்தின் அகலம் 16.5 மி.மீ. அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1,435 மி.மீ. பாதைக்காக வகுத்த கணக்கு. நம்முடைய அகலப் பாதையை அதே அளவில் செய்தால் 19.3 மி.மீ. வர வேண்டும், மீட்டர் கேஜ் 11.5 மி.மீ. வர வேண்டும். ஆக, கடையில் வாங்கும் தடம் நம் இரண்டு பாதைகளில் எதற்கும் பொருந்தாது. மீட்டர் கேஜ் காலத்தைச் செய்பவருக்கு ஒரு வழி உண்டு. சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களும் மீட்டர் கேஜ்தான். அவற்றுக்காக ஐரோப்பாவில் 12 மி.மீ. தடத்தில் மாதிரிகள் தயாராகின்றன. அந்தத் தடத்தை வாங்கி ஸ்லீப்பர்களை மட்டும் நம் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். அகலப் பாதைக்கு மாறிய 2007க்குப் பிந்தைய பாம்பனைச் செய்பவர் ஒன்று தடத்தைக் கையால் கட்ட வேண்டும், அல்லது 16.5 மி.மீ. தடத்தை ஏற்றுக்கொண்டு அதன் குறுகலோடு வாழ வேண்டும். கையால் கட்டுவதையே நான் சொல்வேன். இந்திய அகலப் பாதையின் தோற்றமே அந்த அகலத்தில்தான் இருக்கிறது.

அகலத்தைவிடக் கண்ணை உறுத்துவது தண்டவாளத்தின் உயரம். பொம்மை ரயில் பெட்டிகளோடு வரும் தண்டவாளம் பெரும்பாலும் 2.54 மி.மீ. உயரம். 87ஆல் பெருக்கினால் 221 மி.மீ. இந்திய ரயில்வேயின் இன்றைய 60 கிலோ தண்டவாளமே 172 மி.மீ. உயரந்தான். மீட்டர் கேஜில் பரவலாக இருந்த கஜத்துக்கு 60 ராத்தல் தண்டவாளமோ 114 மி.மீ.; மாதிரியில் 1.3 மி.மீ. மட்டுமே. 1.4 மி.மீ. மெல்லிய தண்டவாளம் சந்தையில் கிடைக்கிறது. பழைய தடத்துக்கு அதுவே நெருக்கம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இந்த வித்தியாசத்தில்தான் போட் மெயில் காலத்தின் மெலிந்த தடமும் இன்றைய கனத்த தடமும் பிரிகின்றன.

ஸ்லீப்பரும் அப்படியே. மீட்டர் கேஜ் மரக்கட்டை 1,830 மி.மீ. நீளம், மாதிரியில் 21 மி.மீ. அகலப் பாதையின் கான்கிரீட் ஸ்லீப்பர் 2,750 மி.மீ., மாதிரியில் 31.6 மி.மீ. மரக்கட்டைகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது; வெயிலில் வெளுத்து, விரிந்து, சாம்பல் நிறமாகும். அவற்றுக்கு ஒரே பழுப்பு வண்ணம் அடிக்கக் கூடாது. கான்கிரீட் ஸ்லீப்பர்களோ அச்சில் வார்த்தவை. அவற்றில் ஒழுங்கு இருக்க வேண்டும். மீட்டர் கேஜில் தண்டவாளத் துண்டின் வழக்கமான நீளம் 12 மீட்டர். ஆகவே மாதிரியில் ஏறத்தாழ 14 செ.மீ.க்கு ஒரு மூட்டும் இணைப்புத் தகடும் வர வேண்டும். அந்த மூட்டுகள்தாம் பழைய ரயிலின் தடக் தடக் ஓசையைத் தந்தவை.

பாலத்தின் மேல் ஜல்லி கிடையாது. இரும்புக் கர்டரின் மேல் ஸ்லீப்பர், அதன் மேல் தண்டவாளம், இடையில் கீழே கடல் தெரியும். பெரிய பாலங்களில் தண்டவாளங்களுக்கு உட்புறம் காவல் தண்டவாளம் இரண்டு ஓடும். சக்கரம் தடம் புரண்டாலும் வண்டி கடலில் விழாமல் தாங்குவதற்கு. பாலம் முடிந்து கரை ஏறியதும் அவை இரண்டும் குவிந்து ஒன்றாக முடியும். கடையில் வாங்கிய ஜல்லித் தடத்தை அப்படியே பாலத்தின் மேல் ஏற்றிவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பாம்பன் பாம்பனாக இராது.

தூக்குப் பாலம் திறக்கும் விதம்

நடுவிலுள்ள 61 மீட்டர் கண் அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ஷெர்சரின் முறையில் அமைந்தது. இரண்டு இறக்கைகள் கதவுபோல் மேலே திறக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவை கீல் வைத்த கதவுகள் அல்ல. ஒவ்வோர் இறக்கையின் அடியும் வட்டத்தின் ஒரு பகுதிபோல் வளைந்திருக்கும். இறக்கை உயரும்போது அந்த வளைவு ஒரு தட்டையான தடத்தின் மேல் உருண்டு பின்னோக்கி நகரும். நாற்காலி பின்னால் சாய்வதுபோல. எதிர் எடை இருப்பதால் ஆட்கள் நெம்புகோலைச் சுற்றியே திறக்க முடிந்தது. மாதிரியில் ஓர் அச்சாணி குத்தி இறக்கையைத் தூக்கினால் பார்ப்பதற்கு நகரும். ஆனால் நகர்வின் அழகு போய்விடும். பித்தளைத் தகட்டில் வளைவை வெட்டி, அதில் பல்லும் தடத்தில் குழியும் அமைத்து உருள விடுவதுதான் முறை.

தனுஷ்கோடி: மணலும் பவளக்கல்லும்

ஒரு நிலக்காட்சியாகப் பார்த்தால் தமிழ்நாட்டு ரயில் வரலாற்றில் தனுஷ்கோடிக்கு இணை சொல்ல எனக்கு வேறிடமில்லை. குறுகிய மணல் நாக்கு. அதன் நடுவே ஒற்றைத் தடம். இரு பக்கமும் இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் இங்குள்ள மீனவர்கள் சொல்வார்கள். ஒன்று அடங்கியிருக்கும், மற்றது அலைந்திருக்கும். மாதிரியில் நீரைப் பிசின் ஊற்றிச் செய்பவர் இரு பக்கமும் ஒரே மாதிரி ஊற்றிவிடக் கூடாது. வடபுறம் வழவழப்பாகவும் வெளிர்பச்சையாகவும், தென்புறம் அலை எழுந்து நுரை விழும்படியும் வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பெண்கடலும் கொந்தளிக்கும். ஆண்டைத் தேர்ந்த பின் மாதத்தையும் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது இந்தக் கரை போடும் நிபந்தனை.

தனுஷ்கோடியின் கட்டடங்கள் செங்கல்லால் அல்ல, பவளக்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்தவை. இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரிலும் மற்றச் சுவர்களிலும் பவளத்தின் துளைகளை இன்றும் பார்க்கலாம். அச்சடித்த செங்கல் தாளை ஒட்டினால் இடம் மாறிவிடும். நுண்துளை உள்ள நுரைப்பலகையைக் கம்பித் தூரிகையால் தட்டி, வெண்சாம்பல் பூசினால் நெருங்கி வரும். ரயில் நிலையத் தண்ணீர்த் தொட்டியின் தூண்களும் மிஞ்சியிருக்கின்றன. எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் கிடைப்பது உப்புக்கரையில் சிறிய காரியமல்ல. அந்தத் தொட்டி அமைப்பில் இடம்பெற வேண்டும்.

மணல்மேட்டில் அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும். உள்ளே போகப் போகப் பனை, குடைபோல் விரிந்த உடைமரம். மண்டபத்துக்கு மேற்கே கண்மாய்க்கரையும் பனந்தோப்பும். இங்கே ஓர் எச்சரிக்கை. இன்று ராமநாதபுரம் என்றதும் கண்ணில் நிற்கும் சீமைக் கருவேலம் மாவட்டமெங்கும் பரவியது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். 1914ஆம் ஆண்டுத் தடத்தின் ஓரம் அதை அடர்த்தியாக நட்டால் தவறு. 2007க்குப் பிந்தைய அமைப்பில் அதை நடாமல் விட்டாலும் தவறு. கடலிலும் இதே கணக்குதான். பழைய காலத்துக்கு வத்தையும் வல்லமும் தோணியும், விசைப்படகுகள் பிற்காலத்தவை.

ராமேஸ்வரத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாம், தம் வாழ்க்கை வரலாறான ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்திருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட, ஓடும் வண்டியிலிருந்து நாளிதழ்க் கட்டுகள் வீசப்பட்டன; அவற்றை எடுத்துச் சேர்க்கச் சிறுவரான அவர் உதவினார். தடத்தோரம் ஒரு மணல்மேடு, கைநீட்டி நிற்கும் ஒரு சிறுவன், மண்ணில் கிடக்கும் ஒரு கட்டு. அமைப்பின் ஓரத்தில் நான்கு அங்குல இடம் போதும். ஆண்டும் தானாகத் தெரிந்துவிடும்.

1964 டிசம்பர் 22 இரவு

அந்த இரவில் வீசிய புயலில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற 653ஆம் எண் பயணி வண்டி நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் மூழ்கியது. யாரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடித் தடம் அதன் பின் போடப்படவே இல்லை. அந்த வண்டியை மாதிரியில் காட்டலாமா என்று கேட்டால், காட்டக் கூடாது என்பேன். அதன் முந்தைய நாளைக் காட்டலாம்.

பாலத்தின் 145 கர்டர்களில் 120க்கும் மேற்பட்டவை விழுந்தன. தூக்குப் பாலம் தப்பியது. இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாட்களில் பாலத்தை ஓட்டத்துக்குக் கொண்டுவந்தார். கடலடியில் கிடந்த கர்டர்கள் மீட்கப்பட்டுத் திரும்பவும் தூண்களில் ஏறின. எனவே 1965க்குப் பிந்தைய பாலத்தைச் செய்பவர் எல்லாக் கண்களுக்கும் ஒரே பளபளப்புத் தரக் கூடாது. கடலுக்குள் போய் வந்த இரும்பு அது. பாம்பன் சந்திப்பு என்ற நிலையும் அத்தோடு போனது. ராமேஸ்வரம் கடைசி நிலையம் ஆனது.

அகலப் பாதைக்குப் பின்

மண்டபம்–ராமேஸ்வரம் பகுதியில் கர்டர்களை வலுப்படுத்தி, 2007 ஆகஸ்ட் 12இல் அகலப் பாதையில் ரயில் விட்டார்கள். 1914இன் தூண்கள் மீது 1,676 மி.மீ. தடம் ஓடிய பதினைந்து ஆண்டுகள் அவை. பாலத்தில் காற்றுமானி வைத்து, மணிக்கு 58 கி.மீ.க்கு மேல் காற்றடித்தால் சிக்னல் வண்டியை நிறுத்திவிடும்படி செய்திருந்தார்கள். அந்தச் சிறு காற்றுமானியும் மாதிரியில் இருக்க வேண்டிய பொருள். பழைய பாலத்தின் மேல் மின்கம்பி கிடையாது. டீசல் எஞ்சின் மட்டுமே. 2022 டிசம்பர் 23 முதல் அதில் ரயில் போகவில்லை.

2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாலம் முற்றிலும் வேறு வடிவம்: 18.3 மீட்டர் கண்கள் 99, நடுவில் 72.5 மீட்டர் கண் ஒன்று. அது சாயாது, இரு கோபுரங்களுக்கு இடையே 17 மீட்டர் நேராக உயரும். மாதிரியில் 83 செ.மீ. கண் 19.5 செ.மீ. ஏற வேண்டும். இரு முனைகளும் ஒரே வேகத்தில் ஏறாவிட்டால் சிக்கிக்கொள்ளும். மின்சார எஞ்சினையும் மேல்கம்பியையும் காட்ட விரும்புபவருக்கு இதுவே உரிய பாலம்.

புனேயில் ஜோஷி சிற்றுருவ ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னையில் பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பாம்பனின் நான்கு காலங்களையும் அளவு பிசகாமல் அருகருகே காட்டும் மாதிரி அமைப்பு ஒன்று ராமநாதபுரம் மாவட்டத்திலேயே வர வேண்டும் என்பது என் கோரிக்கை. அதற்கு முதலில் அளவுகள் தேவை. உலகிலேயே இரும்பை மிக வேகமாக அரிக்கும் கடற்காற்றுகளில் ஒன்று வீசும் இடத்தில் பழைய பாலம் நிற்கிறது. அதில் இப்போது ரயிலும் இல்லை. ராமேஸ்வரம் போகிறவர்கள் சாலைப் பாலத்தில் நின்று படம் எடுக்கும்போது தூக்குப் பாலத்தின் வளைவையும், கர்டர் தூணில் அமரும் இடத்தையும், துருவின் நிறத்தையும் நெருக்கமாக எடுத்து, தேதியோடு சேமித்து வையுங்கள்.