மெய்ப்பையும் வானோடியின் தோற்சட்டையும்

போர்க்கால வானோடிகள் அணிந்த தோற்சட்டையின் சாயலில் இன்று புதுச்சட்டைகள் தைத்து விற்கப்படுகின்றன. இதற்குப் பழந்தமிழ்ப் பெயர் தேடுவோர்க்கு முல்லைப்பாட்டில் வரும் ‘மெய்ப்பை’ என்னும் சொல் நினைவிற்கு வருதல் இயல்பே. பாசறையில் காவல் புரிந்த யவனர் அணிந்த உடை அது. கொற்கை முத்தின் புகழ் யவனர் நாடுவரை சென்ற கரையில் வாழும் நமக்கு அவ்வெண்ணம் இனிக்கவும் செய்யும். ஆயினும், மெய்ப்பை தோலால் ஆயதுதானா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

வானோடியின் சட்டை எதற்காகத் தோன்றிற்று என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும். தொடக்ககால விமானங்களில் வானோடியின் இருக்கை மேல்மூடியின்றித் திறந்திருந்தது. உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் கூடுந்தோறும் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். ஆகலின், தூத்துக்குடிக் கரையில் 30 பாகை வெப்பம் உள்ள நாளிலும் 6,000 மீட்டர் உயரத்தில் நீர் உறையும் குளிர் இருக்கும். அமெரிக்கப் படை 1931-இல் ஏற்றுக்கொண்ட ஏ-2 சட்டை பெரும்பாலும் குதிரைத்தோலால் ஆயது. காற்றுப் புகாவண்ணம் இடுப்பிலும் மணிக்கட்டிலும் பின்னற்பட்டை உடையது. ஆங்கிலேய வானோடிகளின் இர்வின் சட்டையோ மயிர் நீக்காத செம்மறித்தோல். மயிர் உட்புறம் அமையும். இவை குளிரைத் தடுத்தவை. படைக்கலத்தைத் தடுக்கும் கவசங்கள் அல்ல.

இனி, மெய்ப்பை என்னும் சொல் உடையின் வடிவை உணர்த்துகின்றதே ஒழியப் பொருளை உணர்த்தவில்லை. உடல் புகும் பை என்பதே அதன் பொருள். நச்சினார்க்கினியரும் சட்டை என்ற அளவில் அமைகின்றார். யவனர் என்றவுடன் தோலுடை அணிந்த உரோம வீரனைக் கருதுதல், திரைப்படத்தில் கண்டதைப் பாட்டினுள் ஏற்றுவதாகும்.

தோலுடைக்குச் சான்று வேண்டுவோர் செல்லவேண்டிய இடம் புறநானூற்றின் 13-ஆம் பாட்டு. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய அதில், யானைமேல் வரும் சோழன் முடித்தலைக்கோப் பெருநற்கிள்ளியின் கவசம் அம்பு பட்டுச் சிதைந்துள்ளது. பழைய உரைகாரர் அதனைப் புலித்தோலால் ஆய ‘மெய்புகு கருவி’ என்பர். இதுவே தோல் என ஐயமறக் கூறப்பட்டது. அணிந்தவன் யவனன் அல்லன், தமிழ் வேந்தன். ஆனால் இது கவசம். ஆகவே வானோடியின் உடைக்கு இப்பெயரும் பொருந்தாது. தோற்சட்டை என்னும் எளிய வழக்கே தகும்.

இக்கரையின் வாழ்வோ வேறு. முத்துக்குளித்தோர் தோலுடை எதுவுமின்றிக் கல்லைத் துணைக்கொண்டே கடலடி சென்றனர். 1961-இல் நிகழ்ந்த குளிப்பிற்குப் பின் அரசின் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. தோலுக்கு உரிய செல்வம் கடலில் இல்லை, புன்செய்க் காட்டில் தானே வளரும் ஆவாரையில் இருந்தது. அதன் பட்டையால் பதனிட்ட தோல்கள் சென்னை மாகாணத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்னும் பெயரோடு இலண்டன் சந்தைக்குச் சென்றன. முதல் உலகப் போரின்போது அரசே அவற்றை வாங்கிப் படைவீரர் காலணிகளின் மேற்பகுதிக்குப் பயன்படுத்திற்று.