பம்பளிமாஸ்

பம்பளிமாஸ் என்பது கிச்சிலி, நாரத்தை, எலுமிச்சை இனத்தில் மிகப் பெரிய கனி தரும் மரம். தாவரவியல் பெயர் சிட்ரஸ் மாக்சிமா. பழம் சாதாரணமாக ஒன்று முதல் இரண்டு கிலோ எடை இருக்கும். மலேசியாவில் இதை லிமாவ் பாலி என்பர். பேராக் மாநிலத்தில் ஈப்போவை அடுத்துள்ள தம்புன் இதற்குப் பேர்போன ஊர். அங்கு விளையும் பழத்தை ‘லிமாவ் தம்புன்’ என்று ஊர்ப்பெயர் சொல்லியே கேட்டு வாங்குவர். மேல்நாடுகளில் காலையுணவோடு உண்ணப்படும் கிரேப்புரூட், பம்பளிமாஸின் பிள்ளை.

பெயர்

தமிழின் ‘பம்பளிமாஸ்’, டச்சு மொழியின் ‘பொம்பல்மூஸ்’ இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். எது எதிலிருந்து வந்தது என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. டச்சுக் கப்பலில் வந்த சொல் தமிழில் தங்கிவிட்டது என்பார் ஒரு சாரார். தமிழ்க் கரையில் டச்சுக்காரர் கேட்ட சொல்லே ஐரோப்பாவுக்குப் போனது என்பார் மறுசாரார். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் இச்சொல்லை எடுத்து ஆராய்கிறது. வங்காளத்தில் இது ‘பாதாபி லேபு’, அதாவது பதாவியா (இன்றைய ஜக்கார்த்தா) எலுமிச்சை. மலாய்ப் பெயர் பாலித் தீவைச் சுட்டுகிறது. பழம் எந்தத் துறையிலிருந்து வந்ததாக மக்கள் நம்பினார்களோ, அந்தத் துறையின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்.

தோற்றம்

தென்கிழக்கு ஆசியாவே இதன் தாயகம். 17ஆம் நூற்றாண்டில் அம்போன் தீவில் வாழ்ந்த தாவர ஆய்வாளர் ரம்பியுஸ் இம்மரத்தை விவரித்து எழுதினார். அந்நூல் அவர் மறைந்து பல்லாண்டு கழித்தே, 1741 முதல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. மரபணு ஆய்வுகளின்படி இவ்வினத்தின் மூல மரங்களில் பம்பளிமாஸும் ஒன்று. அதுவும் மாண்டரின் ஆரஞ்சும் கலந்து பிறந்ததே இனிப்பு ஆரஞ்சு. நம் சாத்துக்குடியும் அந்த வழி வந்ததுதான்.

கிரேப்புரூட்டின் பிறப்பு

இவ்வரலாற்றில் எழுத்துச் சான்று மிகுந்த பகுதி மேற்கிந்தியத் தீவுகளில் நடந்தது. கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து திரும்பிய ஷாடக் என்னும் கப்பல் தலைவர் பார்படோஸ் தீவுக்குப் பம்பளிமாஸ் விதையைக் கொண்டுவந்தார் என்று இயற்கையியலாளர் ஹான்ஸ் ஸ்லோன் 1707இல் எழுதினார். அந்தத் தலைவர் யார், எந்த ஆண்டு வந்தார் என்பது இன்றும் விவாதத்துக்குரியது. அத்தீவில் பம்பளிமாஸும் இனிப்பு ஆரஞ்சும் தாமாகக் கலந்து புதுமரம் ஒன்று எழுந்தது. 1750இல் கிரிபித் ஹியூஸ் பார்படோஸின் இயற்கை வரலாற்றை எழுதியபோது ‘விலக்கப்பட்ட கனி’ ஒன்றைக் குறிப்பிட்டார். கிரேப்புரூட் பற்றிய முதல் குறிப்பாக அதையே பலரும் கொள்கின்றனர். 1814இல் ஜமைக்காவில் ஜான் லூனன் ‘கிரேப்புரூட்’ என்னும் பெயரைப் பதிந்தார். சுவை திராட்சையை ஒத்ததால் வந்த பெயர் என்பது அவர் விளக்கம்; கிளையில் திராட்சைக் குலைபோல் காய்ப்பதால் வந்தது என்பதே இன்று பரவலான விளக்கம்.

பின்னர் கதை அமெரிக்காவுக்கு நகர்கிறது. ஓடே பிலிப் என்பவர் புளோரிடாவுக்கு இதைக் கொண்டுவந்தார் என்பர். 1823 என்ற ஆண்டே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அங்கு விதை நிறைந்த டங்கன் வகையும், 1860ஐ ஒட்டி லேக்லண்ட் அருகே விதை குறைந்த மார்ஷ் வகையும் கிடைத்தன. மார்ஷ் மரத்தின் ஒரு கிளை 1913இல் இளஞ்சிவப்புச் சுளையோடு காய்த்தது, அது தாம்சன். டெக்சஸின் மக்காலனில் 1929இல் தாம்சன் மரத்தின் ஒரு கிளை செஞ்சுளையோடு காய்த்தது. அந்த ரூபி ரெட் 1934இல் காப்புரிமை பெற்றது. ஸ்டார் ரூபி (1970), ரியோ ரெட் (1984) ஆகியவை கதிர்வீச்சின் உதவியால் உருவாக்கப்பட்டவை.

பேராக்கில்

கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களுக்கு (சுரங்கங்களுக்கு) 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனர் திரளாக வந்தனர். அவர்களோடுதான் தம்புனின் பம்பளிமாஸும் வந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவார மண்ணே பழத்தின் இனிப்புக்குக் காரணம் என்று உள்ளூரார் சொல்வர். 1985இல் ஈய விலை சரிந்து லம்பங்கள் பல மூடப்பட்டன. பழத்தின் பெயர் நிலைத்தது.

1994இல் முழுமை பெற்ற வடக்கு-தெற்கு நெடுஞ்சாலைக்கு முன்பு, கோலாலம்பூரிலிருந்து ஈப்போ செல்லும் வண்டிகள் சுங்காய், பீடோர், தாப்பா, கம்பார் ஊர்களின் நடுவே ஓடின. அவ்வண்டிகள் சென்றடைந்த ஈப்போவில், தம்புன் சாலையிலும் குனோங் ராப்பாட் குகைக்கோவில் அருகிலும் கடைகளில் ரஃபியா கயிற்றில் பழங்கள் வரிசையாகத் தொங்கும்.

வகைகளும் வளர்ப்பும்

மலேசிய வேளாண் துறைப் பதிவில் பிஓ 51 ஷாதின்யு, பிஓ 52 தம்புன், பிஓ 55 மெலோமாஸ் ஆகியவை முக்கியமானவை. ஷாதின்யு சீனாவின் குவாங்சியைச் சேர்ந்தது. காம்புப் பக்கம் கழுத்துபோல் ஒடுங்கியிருக்கும்.

கிரேப்புரூட் விதையிலிருந்து பெரும்பாலும் தாயை அப்படியே ஒத்த கன்று முளைக்கும். பம்பளிமாஸ் அப்படியன்று, ஒவ்வொரு விதையும் தனிப்பிறவி, தாயின் இனிப்பு பிள்ளைக்கு வரும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே பதியமே வழி. மலாயில் இதைத் ‘தூத்’ என்பர். விரல்பருமனுள்ள கிளையில் வளையமாகப் பட்டையை உரித்து, ஈரத் தென்னைநாரும் மண்ணும் வைத்துப் பிளாஸ்டிக் தாளால் கட்டுவர். சில வாரங்களில் வெள்ளை வேர்கள் தாளினூடே தெரியும்போது கிளையை வெட்டி நடுவர். காய்க்குப் பழ ஈயிலிருந்து காப்பாகப் பை கட்டுவர்.

பயன்

சீனப் புத்தாண்டிலும் நிலாப்பண்டத் திருநாளிலும் இப்பழம் படையலில் இடம்பெறும். சீனத்தில் இதன் பெயர் ‘உண்டு’ என்னும் சொல்லைப்போல ஒலிப்பதே காரணம். இலையிட்ட நீரில் குளிப்பதும் வழக்கம். பழத்தை உரிப்பதே தனிக்கலை. தலைப்பக்கத்தைச் சீவி, தோலில் மேலிருந்து கீழாக ஆறேழு கீறல் இட்டு விரித்தால், தாமரைபோல் மலர்ந்து நடுவில் சுளையுருண்டை நிற்கும். கழற்றிய தோலைக் குழந்தைகள் தொப்பியாக அணிவர். வெள்ளைப் பஞ்சின் கசப்பைப் பிழிந்தெடுத்துச் சீனர் குழம்பும் மலாய்க்காரர் அல்வாவும் செய்வர். கிரேப்புரூட் சில மருந்துகளின் அளவை இரத்தத்தில் உயர்த்தும் என்பது 1991இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வால் உறுதிப்பட்டது. அதற்குக் காரணமான பொருள்கள் பம்பளிமாஸிலும் உள்ளதால், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றுக்கு மாத்திரை உண்போர் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அண்மைக் காலம்

பேராக்கின் சுங்கை கெடோங் பம்பளிமாஸ் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. ஈப்போ விரிய விரியத் தம்புனின் பழத்தோப்புகள் குடியிருப்புக்கு இடம்விட்டு வருகின்றன. தோப்பு இடம்பெயரலாம், ஆனால் பழக்கூடையோடு இடம்பெயராது. தம்புன் பழத்தின் விதையைச் சுங்காயில் ஊன்றினால் பம்பளிமாஸ் முளைக்கும்; தம்புன் முளைக்காது. அதற்குத் தாய்மரம் நிற்கும்போதே ஒருவர் கிளையில் பதியம் கட்டியிருக்க வேண்டும்.