கரிச்சுரங்கத்து ஓவியர்

ஓவியக் கலையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அரசர்களையும் திருச்சபைகளையும் பெருஞ்செல்வர்களையும் சுற்றியே அதனை எழுதிச் சென்றனர். ஓவியனுக்குப் பொருள் கொடுத்து வரையச் செய்தவர் அவர்களே யாதலின், அது வியப்பன்று. ஆயினும், பொருள் கொடுப்பார் எவருமின்றி, பகலெல்லாம் நிலத்தின் கீழ் உழைத்துவிட்டு மாலையிலே தூரிகை ஏந்திய ஒரு தொழிலாளர் கூட்டத்தின் வரலாறும் உண்டு. இங்கிலாந்தின் வடகிழக்கிலே, நொதம்பலாந்து என்னும் மாவட்டத்திலே, அஷிங்டன் என்ற ஊரிலே 1934ஆம் ஆண்டில் அது தொடங்கிற்று. கலை யாருக்கு உரியது என்ற பழைய வினாவிற்கு அவ்வூரார் தம் கையாலேயே ஒரு விடையளித்தனர்.

அஷிங்டன் பழம்பெருமை வாய்ந்த நகரமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை சில பண்ணைகளே அங்கிருந்தன. நிலத்தின் கீழ்க் கரி இருப்பது தெரிந்து சுரங்கம் தோண்டப்பட்டபின் தொழிலாளர் வந்து குடியேறினர். உலகிலேயே மிகப் பெரிய நிலக்கரிக் கிராமம் என்று பின்னர் அதனை அழைத்தனர். சுரங்கக் கம்பனி கட்டிய செங்கல் வீடுகள் நீண்ட வரிசைகளாக நின்றன. வரிசைகளுக்குப் பெயர் தேடவும் எவரும் முயலவில்லை; முதலாம் வரிசை, இரண்டாம் வரிசை என்று எண்ணிட்டு விட்டனர். உதைபந்தாட்ட உலகில் பெரும்புகழ் பெற்ற பொபி சார்ல்ற்றன் 1937ஆம் ஆண்டிலே பிறந்தது இவ்வூரிலேதான். அவருடைய தந்தையாரும் ஒரு சுரங்கத் தொழிலாளியே.

அக்காலத்தில் அவ்வூர்ச் சிறுவர் பதின்மூன்று, பதினான்கு வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்துள் இறங்குவது வழக்கம். பள்ளிப் படிப்பு நின்றதேயன்றி அறிவுப் பசி நின்றுவிடவில்லை. 1903ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே தோன்றிய தொழிலாளர் கல்விச் சங்கம், ஊர்தோறும் வளர்ந்தோருக்கான மாலை வகுப்புக்களை நடாத்தி வந்தது. அஷிங்டனிலும் அச்சங்கத்தின் கிளை ஒன்று இருந்தது. உயிர்களின் கூர்ப்புப் போன்ற பொருள்களைப் பற்றி அங்கே படித்திருந்த தொழிலாளர் சிலர், 1934ஆம் ஆண்டில் வேறொரு பாடத்தை விரும்பினர். ஓவியமொன்றைக் கண்டால் அதனை எவ்வாறு விளங்கிக் கொள்வது என்பதே அவர்கள் கேட்ட பாடம். வரைவதற்குக் கற்க வேண்டுமென்று அன்று அவர்கள் கேட்கவில்லை.

அவர்களுக்கு ஆசிரியராக வந்தவர் றொபேட் லயன் என்பவர். நியூகாசில் நகரின் ஆம்ஸ்ரோங் கல்லூரியில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். உரோமாபுரியிலே தங்கிப் பயின்றவர். தாம் கற்ற முறைப்படியே அவர் பாடத்தைத் தொடங்கினார். மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலிய மேதைகளின் ஓவியங்களைத் திரையிலே காட்டி விளக்கினார். திரையில் வீழ்ந்தவை வண்ணமற்ற கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றின் பொருளோ, நொதம்பலாந்துக் கரிச்சுரங்கத்துக்கு வெகுதொலைவில் உள்ள திருக்கதைகள். வகுப்பிலிருந்தோர் பொறுமையாகக் கேட்டனர். ஆனால் அவர்கள் உள்ளத்தில் எதுவும் பதியவில்லை.

இத்தகைய நிலையில் மாணவர் மீது குறைகூறித் தம் பாடக்குறிப்பைத் தொடர்ந்து படித்துச் செல்லும் ஆசிரியர் பலர். லயன் அவ்வாறு செய்யவில்லை. ஓவியத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி, ஓவியம் செய்யும்படி அவர்களிடம் கூறினார். செய்து பார்த்தவனுக்கே செய்தவனின் இடர் விளங்கும் என்பது அவர் கருத்து. முதலில் லினோலியத் தகட்டைச் செதுக்கி அச்செடுக்கும் வேலையைக் கொடுத்தார். சாந்துக் கட்டியைச் செதுக்கச் செய்தார். அதன் பின்னரே வண்ணமும் தூரிகையும் வந்தன. 'வைகறை', 'துறவி', 'பிரளயம்' என்பன போன்ற தலைப்புக்களைக் கொடுத்து, வீட்டிலே வரைந்து மறுவாரம் கொண்டுவரச் செய்தார்.

வரைந்த படங்கள் அனைத்தும் வகுப்பிலே வரிசையாக வைக்கப்படும். ஒவ்வொருவரும் ஏனையோர் படங்களைப் பற்றித் தம் கருத்தைக் கூறுவர். இவ்வுருவம் ஏன் இங்கே நிற்கின்றது, இந்நிறம் ஏன் இங்கே வந்தது என்று கேள்விகள் எழும். வரைந்தவன் எழுந்து விடை சொல்ல வேண்டும். சங்கக் கூட்டங்களிலே வாதாடிப் பழகிய மனிதராதலின், அவர்கள் ஒருவர்க்கொருவர் முகமன் கூறிக் காலங்கழிக்கவில்லை. ஓவியமொன்றை விளங்கிக்கொள்வது எப்படி என்று அவர்கள் முதலிற் கேட்ட வினாவிற்கு இங்கேதான் விடை கிடைத்தது.

இக்கூட்டத்தில் பெரும்பாலோர் சுரங்கத் தொழிலாளர். ஒலிவர் கில்போர்ன் பதின்மூன்று வயதிலே சுரங்கத்துக்குச் சென்றவர். ஜிம்மி புளொய்ட், ஜோர்ஜ் பிளெசெட் முதலியோரும் உறுப்பினராயிருந்தனர். ஹரி வில்சன் என்பவர் செயற்கைப் பற்கள் செய்யும் தொழிலாளி. முதலாம் உலகப் போரிலே நச்சுவாயுவினால் தாக்குண்டவர். விலையுயர்ந்த துகிலும் நெய்வண்ணமும் வாங்க இவர்களுக்கு வசதியில்லை. ஒட்டுப்பலகையிலும் மட்டையிலும், வீட்டுச் சுவருக்குப் பூசும் வண்ணத்தைக்கொண்டே வரைந்தனர். தலைப்புக் கொடுத்து வரைந்த காலமும் விரைவிற் சென்றது. பிரளயத்தையும் துறவியையும் விட்டு, தாம் நாடோறும் கண்ட வாழ்க்கையையே வரையத் தொடங்கினர்.

1936ஆம் ஆண்டு அவர்களின் வரலாற்றிலே ஒரு முக்கியமான ஆண்டு. அவ்வாண்டின் தொடக்கத்திலே இலண்டனில் நடந்த சீனக் கலைப் பொருட்காட்சியைக் காண அவர்கள் சென்றனர். அப்பயணத்துக்கு உதவியவர் ஹெலன் சதலாந்து என்னும் சீமாட்டியார். கொழும்புத் துறைமுகத்துக்கு நெடுங்காலம் வந்துபோன பி. அன்ட் ஓ. கப்பற் கம்பனியின் தலைவராயிருந்த சேர் தோமஸ் சதலாந்தின் மகள் அவர். நவீன ஓவியங்களைச் சேகரித்து வைத்திருந்த அவருடைய இல்லத்துக்கும் இத்தொழிலாளர் விருந்தினராகச் சென்றனர். திரையிலே கறுப்பு வெள்ளையாகக் கண்டதற்கும், நேரிலே வண்ணத்தோடு காண்பதற்குமுள்ள வேறுபாட்டை அப்போது அறிந்தனர்.

அதே 1936ஆம் ஆண்டிலே அவர்களுடைய முதற் காட்சி நியூகாசில் ஹற்றன் கலைக்கூடத்திலே நடைபெற்றது. நமது மலைநாட்டு நகரொன்றின் பெயரைத் தாங்கிய இக்கலைக்கூடம், லயன் கற்பித்த கல்லூரியோடு இணைந்தது. அக்காலத்து நாட்டு நிலையையும் இங்கு நினைத்துப் பார்த்தல் வேண்டும். வேலையின்மை இங்கிலாந்தின் வடபகுதியை வாட்டிய காலம் அது. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலேதான், நியூகாசிலுக்கு அண்மையிலுள்ள ஜரோ நகரிலிருந்து வேலையற்ற தொழிலாளர் 200 பேர் வேலை வேண்டி இலண்டனுக்குக் கால்நடையாய்ப் புறப்பட்டனர். தொழிலாளி என்றால் இரங்கத்தக்கவன் அல்லது அஞ்சத்தக்கவன் என்று மட்டுமே செல்வர் எண்ணிய நாளிலே, அத்தொழிலாளர் தம்மைத் தாமே வரைந்து காட்டினர்.

அவர்கள் வரைந்தவற்றில் இரக்கத்தை வேண்டும் குரல் இல்லை. கில்போர்ன் 1936இல் வரைந்த 'கழகத்திற் சனிக்கிழமை இரவு' என்னும் படத்திலே, வாரமெல்லாம் உழைத்த மனிதர் நெருக்கமாகக் கூடியிருந்து பியர் அருந்துகின்றனர். அதே ஆண்டில் ஹரி வில்சன் அஷிங்டன் சுரங்கத்தின் மேற்புறத் தோற்றத்தைத் தீட்டினார். ஜிம்மி புளொய்ட் 1938இல் வரைந்தது ஊரார் வளர்த்த பந்தயப் புறாக்களின் கூடுகளை. ஜோர்ஜ் பிளெசெட் ஓட்டப் பந்தயத்துக்கு வளர்க்கும் மெலிந்த நாய்களை வரைந்தார். நுவரெலியாவிலே நாம் காணும் லீக்ஸ், அங்கே சுரங்கத் தொழிலாளர் தம் சிறு தோட்டங்களிலே போட்டிக்காக வளர்க்கும் பயிர். இத்தகைய சிறு இன்பங்களே அவர்களுக்குப் பொருளாயின. வெளியார் ஒருவர் வந்து வரைந்திருப்பின், கரிபடிந்த முகங்களையும் வறுமையையுமே கண்டிருப்பார், புறாக்கூட்டைக் கண்டிருக்கமாட்டார்.

நிலத்தின் கீழுள்ள வாழ்க்கையை வரைந்தமை இவர்களின் தனிச்சிறப்பாகும். தாழ்ந்த கரிப்படையிலே மனிதன் நிமிர்ந்து நிற்க இயலாது; பக்கவாட்டிற் படுத்துக்கொண்டும் முழந்தாளிட்டும் கரியை வெட்டுவான். தலைக்குமேலுள்ள பாறை சரியாவண்ணம் மரத்தூண்களை முட்டுக்கொடுப்பான். வெட்டிய கரியை ஏற்றிய சிறு வண்டிகளை மட்டக்குதிரைகள் இழுத்துச் செல்லும். அங்கே வெளிச்சம் என்பது தொழிலாளியின் விளக்கு ஒன்றே. அவ்விளக்கின் ஒளி எவ்வளவு தூரம் எட்டும், அது படும் தோளின் நிறம் யாது, படாத இடத்து இருளின் கனம் யாது என்பனவற்றை அங்கு வேலை செய்தவனே அறிவான். மாதிரியொன்றை எதிரே நிறுத்தி அவர்கள் வரையவில்லை. உடலிலே பதிந்த நினைவைக்கொண்டு வரைந்தனர். முட்டுத்தூணைத் தவறான இடத்திலே வரைந்தால் மறுவாரமே வகுப்பிலுள்ளோர் கண்டுபிடித்து விடுவர்.

1938ஆம் ஆண்டு கேற்ஸ்ஹெட் நகரிலே 'தொழில்முறை சாரா ஓவியம்' என்ற பெயரில் நடந்த காட்சியிலும் இவர்களின் படங்கள் இடம்பெற்றன. இதற்குள் இவர்களைப் பற்றி அறிந்த வெளியுலகத்தார், இவர்களுக்கு ஏதேனும் ஒரு பெயர் சூட்ட முற்பட்டனர். கல்லாத கலைஞர் என்றனர் சிலர்; குழந்தையுள்ளம் படைத்தோர் என்றனர் சிலர். அப்பெயர் எதுவும் பொருந்தாது. இவர்கள் நான்கு ஆண்டுகள் வாரந்தோறும் விவாதித்துக் கற்றவர்கள். சீனக் கலையையும் நவீன ஐரோப்பியக் கலையையும் கண்டவர்கள். அறியாமையினால் எளிமையாக வரைந்தாரல்லர். தமக்குத் தெரிந்ததை மட்டுமே வரைவது என்று தெரிந்தே வரைந்தனர்.

புகழ் வந்தபோது இன்னொரு சோதனையும் வந்தது. படங்களை விற்கலாம், திறமை மிக்க ஒருவர் சுரங்கத்தை விட்டுத் தொழில்முறை ஓவியராகலாம். குழுவினர் வேறு வழியைத் தெரிந்துகொண்டனர். சிறந்த படங்களைத் தனித்தனியே சிதறவிடாது, குழுவின் பொதுச்சொத்தாகச் சேர்த்து வைத்தனர். கில்போர்ன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சுரங்கத் தொழிலாளியாகவே கழித்தார். ஒருவன் புகழுக்காகத் தன் ஊரைவிட்டு ஏறிச்செல்லும் ஏணியாகக் கலையை அவர்கள் கருதவில்லை.

1942ஆம் ஆண்டிலே றொபேட் லயன் எடின்பரோ கலைக் கல்லூரியின் தலைவராகச் சென்றார். ஆசிரியர் போனபின் வகுப்பும் போய்விடும் என்று எண்ணியோர் உண்டு. குழு கலையவில்லை. தங்களுக்கென ஒரு மரக்குடிலைப் பெற்று, அங்கே வாரந்தோறும் கூடி வரைந்தும் விவாதித்தும் வந்தனர். 1947ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி பிரித்தானியச் சுரங்கங்கள் அரசுடைமையாயின. பின்னர் கரிவெட்டும் பொறிகள் பெருகின, மட்டக்குதிரைகள் குறைந்தன, கைக்கோடரியால் வெட்டிய முறையும் மறைந்தது. பழைய முறைகள் மறைய மறைய, பொழுதுபோக்காக வரைந்த படங்கள் வரலாற்றுச் சான்றுகளாக மாறின.

1980ஆம் ஆண்டிலே அவர்களுடைய படங்கள் சீனாவிலே காட்சிக்கு வைக்கப்பட்டன. சீனக் கலையைக் காண இலண்டன் சென்ற கூட்டத்தாரின் படைப்புக்களைச் சீன மக்கள் கண்டது, 44 ஆண்டுகளின் பின்னர். அதன்பின் குழுவின் காலம் நீடிக்கவில்லை. உறுப்பினர் பலர் மறைந்தனர், குடில் இடிக்கப்பட்டது, ஐம்பது ஆண்டுகள் கூடிய குழு 1984ஆம் ஆண்டுடன் முடிவுற்றது. அண்மையிலுள்ள வூட்ஹோர்ன் சுரங்கம் 1981ஆம் ஆண்டிலே மூடப்பட்டிருந்தது. அஷிங்டன் சுரங்கம் 1988ஆம் ஆண்டிலே மூடப்பட்டது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் பிரித்தானியாவின் கடைசி ஆழ்சுரங்கமும் மூடப்பட்டது.

கரி வெட்டுதல் நின்றது, படங்கள் நின்றன. வூட்ஹோர்ன் சுரங்க வளாகமே 1989ஆம் ஆண்டில் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. குழுவினர் பொதுச்சொத்தாகக் காத்த எண்பதுக்கு மேற்பட்ட ஓவியங்கள் இன்று அங்கேயே உள்ளன. கலை விமரிசகர் வில்லியம் பீவர் 1988ஆம் ஆண்டில் இவர்களைப் பற்றி ஒரு நூலெழுதினார். அதனைத் தழுவி லீ ஹோல் எழுதிய நாடகம் 2007ஆம் ஆண்டில் நியூகாசிலிலே அரங்கேறி, பின்னர் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் நடிக்கப்பட்டது.

ஊர்ப் பொதுமண்டபத்திலோ பாடசாலையிலோ நடக்கும் ஓவியக் காட்சிகளை, பெருநகரக் காட்சிகளின் சிறிய நிழல் என்று எண்ணுவது பலர் வழக்கம். அஷிங்டன் அவ்வெண்ணத்துக்கு மறுப்பாக நிற்கின்றது. அங்கே வரைந்தவனும் வரையப்பட்டவனும் பார்த்தவனும் ஒரே வரிசை வீடுகளில் வாழ்ந்தனர். பிழையைத் திருத்தும் உரிமை அயலானுக்கு இருந்தது. சுரங்கத்தில் வேலை செய்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று வூட்ஹோர்னுக்குச் செல்லும்போது, தம் பாட்டன்மார் கரிவெட்டிய கோலத்தை, பாட்டன்மாரே வரைந்த வண்ணம் காண்கின்றனர்.