தச்சன் பெயர் எங்கே?

டென்மார்க்கில் 1940களிலும் 50களிலும் செய்யப்பட்ட சோபாக்களைத் தேடிச் சேகரிப்போர் இன்று உலகெங்கும் உள்ளனர். ஃபின் யூல் 1941இல் வடிவமைத்த 'கவிஞர்' என்னும் சிறிய சோபா அவற்றுள் புகழ்பெற்றது. அதைச் செய்தவர் கோபன்ஹேகன் தச்சர் நீல்ஸ் வோடர். இத்தகைய சோபா கைக்கு வந்ததும் சேகரிப்பாளர் அதைக் கவிழ்த்து அடிச்சட்டத்தைத்தான் பார்ப்பார். வோடர் பட்டறையின் முத்திரையில் வடிவமைத்தவர், செய்தவர் இருவர் பெயருமே உண்டு. விலையை உயர்த்துவது அந்தப் பெயர்.

நமது புத்தளம் கரையோரத்துக்கு வருவோம். கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டினர். 1795இல் அது பிரித்தானியர் வசமாயிற்று. ஒல்லாந்தர் ஆண்ட இலங்கைக் கரையோரமெங்கும் கருங்காலி, முதிரை, நெதுன், பலா மரங்களில் கட்டில்களும் சாய்விருக்கைகளும் உருவாயின. வடிவம் ஐரோப்பாவினுடையது, உளி பிடித்த கை உள்ளூர்க் கை. அவர்களுக்கு முன் வந்த போர்த்துக்கேயர் தந்த 'கதிரை', 'அலுமாரி' என்ற சொற்கள் இன்றும் நம் வாயில் வாழ்கின்றன. அவற்றைச் செய்த தச்சரின் பெயர்கள் வாழவில்லை.

ஆய்வு நடக்காமலில்லை. கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராயிருந்த ஜோசப் பியர்சன் 1929இல் இலங்கையின் ஐரோப்பியக் கதிரைகளைப் பற்றி எழுதினார். ஒல்லாந்தர் காலத் தளபாடங்கள் குறித்த ஆர். எல். புரோகியரின் நூல் 1969இல் வெளிவந்தது. கொழும்பு புறக்கோட்டையில் ஒல்லாந்தர் கால நூதனசாலை 1982இல் திறக்கப்பட்டது. வடிவத்தையும் மரத்தையும் கொண்டு காலத்தைக் கணிக்கலாம். செய்தவனை அறிய அவை போதா.

பெயரில்லாப் பொருளுக்கு என்ன நேரும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 18ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல் கருங்காலிக் கதிரைகளை ஆசையோடு வாங்கினார். அவை இங்கிலாந்தின் டியூடர் மன்னர் காலத்தவை என்றே நம்பினார். உண்மையில் அவை 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் செய்யப்பட்டவை. முத்திரை இல்லாததால் நம் கைவினை வேறொரு நாட்டின் கணக்கில் ஏறியது.

ஒல்லாந்தர் காலப் பெயர்களை இனி மீட்பது அரிது. ஆனால் பாட்டன் காலக் கட்டிலோ சாய்விருக்கையோ இன்றும் சில வீடுகளில் இருக்கலாம். அதைப் பழம்பொருள் வியாபாரியிடம் கொடுப்பது உரியவர் விருப்பம். கொடுக்குமுன் வீட்டு முதியவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த ஊர்த் தச்சர் செய்தார்? மரம் எங்கிருந்து வந்தது? யார் கல்யாணத்துக்குச் செய்தது? விடைகளை ஒரு தாளில் எழுதி, அந்தப் பொருளோடு சேர்த்தே அனுப்புங்கள். முத்திரை குத்தாத நம் தச்சனுக்கு அதுவே முத்திரை.