இதயத்துக்குக் கிடைத்தது, சிறுநீர்ப்பைக்கு எப்போது?

உடலுக்குள்ளேயே இருந்து அழுத்தத்தை அளக்கும் சென்சார் இதய நோயாளிகளுக்கு வந்து பத்தாண்டு தாண்டிவிட்டது. கார்டியோமெம்ஸ் என்ற அந்தக் கருவிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014இல் ஒப்புதல் தந்தது. தொடைச் சிரை வழியாக ஏற்றி நுரையீரல் தமனியில் நிறுத்துவார்கள். பேட்டரி கிடையாது. நோயாளி வீட்டில் ஆன்டெனா பொதிந்த தலையணையில் படுத்தால், அளவு மருத்துவருக்குப் போய்விடும். 550 பேரிடம் நடந்த சாம்பியன் என்ற ஆய்வில், அந்த அளவைப் பார்த்து மருந்து மாற்றப்பட்டவர்கள் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேருவது ஆறு மாதத்தில் 28 விழுக்காடு குறைந்தது.

தண்டுவடம் அடிபட்டவர்களின் சிறுநீர்ப்பைக்கு அப்படியொரு நிரந்தரக் கருவி வழக்கமான சிகிச்சையில் இல்லை. தேவை என்று பார்த்தால் இவர்களுக்குத்தான் அதிகம் என்பேன். இதயம் தளர்ந்தவருக்கு மூச்சிரைக்கும், கால் வீங்கும். இவர்களில் பலருக்குப் பை நிரம்பியதே தெரியாது. உள்ளே அழுத்தம் 40 சென்டிமீட்டர் நீர்மட்டத்தைத் தாண்டி நீடித்தால், வலியே இல்லாமல் சிறுநீரகம் கெடத் தொடங்கும். மார்புத் தண்டுவடத்தின் ஆறாம் மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. நிரம்பிய பை இரத்த அழுத்தத்தைக் கிடுகிடுவென ஏற்றிவிடும். தலை பிளப்பதுபோல் வலிக்கும், முகம் சிவந்து வியர்த்துக் கொட்டும், மூளையில் இரத்தக்கசிவுகூட நேரலாம். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மருத்துவர் லுட்விக் குட்மன் 1947லேயே ஆய்வாளர் விட்டரிட்ஜுடன் சேர்ந்து இதைப் பதிவு செய்திருக்கிறார். பல நேரங்களில் இதற்குக் காரணம், சக்கர நாற்காலி மெத்தைக்கடியில் மடங்கிக் கிடக்கும், சிறுநீர் வடியப் பொருத்திய குழாய்தான்.

இன்றைக்கு இவர்களுக்கு உள்ள அளவுகோல் யூரோடைனமிக்ஸ் பரிசோதனை. சிறுநீர்ப்பைக்குள் ஒரு மெல்லிய குழாய், ஆசனவாயில் இன்னொன்று. சலைனை மெதுவாக ஏற்றிக்கொண்டே திரையில் கோடு எழுவதைப் பார்ப்பார்கள். இடையில் இருமச் சொல்வார்கள். மேசையில் படுத்திருந்த அந்தச் சிறிது நேர அளவை நம்பித்தான் பல மாதங்களுக்கு மருந்து எழுதப்படுகிறது. இரவுத் தூக்கத்தில், பேருந்துப் பயணத்தில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறதென்று யாருக்கும் தெரியாது.

இதயத்தில் முடிந்தது இங்கே ஏன் இழுத்துக்கொண்டே போகிறது? தமனியில் வைத்த சென்சாரை இரத்தக்குழாயின் உள்படலமே வளர்ந்து மூடிப் பிடித்துக்கொள்கிறது. சிறுநீர்ப்பையோ எதையும் அப்படி ஏற்பதில்லை. உள்ளே மிதக்கவிட்டால் சிறுநீரின் உப்புகள் படிந்து கல்லாகும். சுவரில் பொதித்தால், நிரம்பியும் சுருங்கியும் அசைந்துகொண்டே இருக்கும் சுவர் அரிக்கப்பட்டுக் கருவி வெளியே வந்துவிடலாம். இருமினாலும், நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தாலும் பையின் அழுத்தம் எகிறும். பரிசோதனையில் ஆசனவாய்க் குழாயின் அளவைக் கழித்து உண்மையான சுருக்கத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒற்றைச் சென்சார் அதைக் கணக்கீட்டாலேயே பிரித்தறிய வேண்டும். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மருத்துவர்களும் பொறியாளர்களும் பல ஆண்டுகளாக இதில்தான் போராடுகிறார்கள்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அளவு யாருக்குப் போகிறது என்பது. இதயக் கருவியின் தகவல் மருத்துவருக்குப் போனால் போதும்; மருந்தை மாற்ற ஒரு நாள் அவகாசம் உண்டு. சிறுநீர்ப்பைக்கு நிமிடக் கணக்கு. கருவி முதலில் எச்சரிக்க வேண்டியது நாற்காலியில் இருப்பவரையும் அவரைப் பார்த்துக்கொள்பவரையும்தான். இதயக் கருவியின் அமைப்பை அப்படியே எடுத்து இங்கே பொருத்தினால் பாதிப் பயன் போய்விடும்.

அந்தக் கருவி வரும்வரை, தண்டுவட பாதிப்பு உள்ளவர் வீட்டில் இருந்தால் இதை நினைவில் வையுங்கள்: திடீர்த் தலைவலியும் வியர்வையும் கண்டால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். குழாய் மடங்கியிருக்கிறதா பார்த்து, சிறுநீரை வெளியேற்றுங்கள். அப்படியும் தணியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.