பல்வங்கர் பாலு

பல்வங்கர் பாலு (இறப்பு: ஜூலை 4, 1955) இந்தியக் கிரிக்கெட்டின் தொடக்ககாலப் பந்துவீச்சாளர். இடக்கைச் சுழற்பந்து வீச்சில் தேர்ந்தவர். தீண்டத்தகாதவர்கள் என ஒதுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்து, நாடறிந்த விளையாட்டு வீரராக உயர்ந்த முதல் இந்தியர்களில் ஒருவர். இங்கிலாந்துக்குச் சென்ற முதல் அனைத்திந்திய அணியில் மிக அதிக விக்கெட்டுகளை வீழ்த்தியவர். பிற்காலத்தில் அரசியலில் ஈடுபட்டார். 1932-ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுள் இவரும் ஒருவர்.

பிறப்பு, இளமை

பாலு 1870-களின் நடுப்பகுதியில் இன்றைய கர்நாடகத்திலுள்ள தார்வாடில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் கொங்கணப் பகுதியிலுள்ள பல்வன் என்னும் கிராமம். பல்வங்கர் என்ற குடும்பப்பெயர் அதிலிருந்து வந்தது. தோல் பதனிடும் தொழிலோடு தொடர்புடைய சமார் சமூகத்தைச் சேர்ந்த குடும்பம் அது. தந்தை ராணுவத்தில் பணியாற்றினார். பாலுவுக்குச் சிவராம், கண்பத், விட்டல் என்று மூன்று தம்பிகள். நால்வருமே பின்னாளில் கிரிக்கெட் வீரர்களாகப் பெயர்பெற்றனர்.

தந்தையின் வேலை காரணமாகக் குடும்பம் பூனாவில் வசித்தது. ராணுவ அதிகாரிகள் கழித்துப்போட்ட மட்டைகளையும் பந்துகளையும் கொண்டு பாலுவும் சிவராமும் விளையாடப் பழகினர்.

மைதானப் பணியாளர்

பாலுவின் முதல் வேலை பூனாவில் பார்சிகள் நடத்திய கிரிக்கெட் மன்றத்தில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுப்பது. பின்னர் ஐரோப்பியர்களுக்குரிய பூனா கிளப்பில் மாதம் நான்கு ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தார். ஆடுகளத்தைச் செப்பனிடுவது, பயிற்சி வலைகளைக் கட்டுவது, டென்னிஸ் தளங்களுக்குக் கோடு போடுவது ஆகியவை அவருடைய வேலைகள். ஓய்வு நேரத்தில் வலைப்பயிற்சி செய்யும் ஐரோப்பியர்களுக்கு அவர் பந்து வீசினார். பம்பாய் மாகாணத்தின் சிறந்த ஐரோப்பிய மட்டையாளரான ஜே.ஜி. கிரெய்க் அவரது திறமையை அறிந்து, அவரையே தொடர்ந்து பந்து வீச வைத்தார். தன்னை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் கிரெய்க் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது.

இவ்வாறு ஆயிரக்கணக்கான பந்துகளை வீசியதே பாலு பெற்ற பயிற்சி. ஆனால் அந்த வலையில் மட்டையைப் பிடிக்கும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை. மட்டையாட்டம் எசமானர்களுக்கு உரியதாகவும், பந்து வீசுவது பணியாளரின் வேலையாகவும் கருதப்பட்ட காலம் அது.

பூனா இந்து அணி

பூனாவில் இந்துக்களின் கிரிக்கெட் அணி ஐரோப்பியரை வெல்ல முயன்று வந்தது. பாலுவைச் சேர்த்தால் வெற்றி கிடைக்கும் என்பது அணியினருக்குத் தெரிந்திருந்தது. அவரைச் சேர்க்கலாமா என்பதில் பிராமண உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. இறுதியில் பாலு சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

மைதானத்துக்குள் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டனர். ஆட்ட இடைவேளையில் நிலைமை வேறாக இருந்தது. மற்ற வீரர்கள் அரங்கினுள் பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்த, பாலுவுக்கு வெளியே மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. அவர் முகம் கழுவ விரும்பினால், அவரைப்போலவே ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒரு பணியாளர் ஒதுக்குப்புறமாகத் தண்ணீர் கொண்டு வந்து கொடுப்பார். மதிய உணவையும் அவர் தனி மேசையில்தான் உண்டார்.

பாலுவின் பந்துவீச்சால் பூனா இந்து அணி சுற்றுவட்டார ஐரோப்பிய அணிகளை வென்றது. சீர்திருத்தவாதியும் நீதிபதியுமான மகாதேவ கோவிந்த ரானடே பாலுவைப் பொதுக்கூட்டத்தில் பாராட்டினார். உடன் விளையாடுபவரோடு உடன் உண்ணலாகாதா என்ற கேள்வி இக்காலத்திலேயே எழத் தொடங்கியது.

பம்பாய்

1896-இல் பிளேக் நோய் பரவிய பிறகு பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். அங்கே பம்பாய் பரோடா மத்திய இந்திய ரயில்வேயில் வேலை கிடைத்தது. அந்நிறுவன அணிக்கும் பரமானந்ததாஸ் ஜீவன்தாஸ் இந்து ஜிம்கானாவுக்கும் விளையாடினார். ஜிம்கானாவில் அவரைச் சேர்ப்பதற்கும் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதை மீறியே அவர் இடம்பெற்றார்.

அக்காலத்தில் பம்பாயின் பெரிய கிரிக்கெட் போட்டிகள் சமய அடிப்படையிலான அணிகளுக்கிடையே நடந்தன. 1906 பிப்ரவரியில் இந்துக்கள் ஐரோப்பியருடன் மோதினர். இந்துக்கள் 242, 160 ஓட்டங்களும் ஐரோப்பியர் 191, 102 ஓட்டங்களும் எடுத்தனர். இந்துக்கள் 109 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றனர். இந்த வெற்றியில் பாலுவின் பந்துவீச்சுக்கு முக்கியப் பங்கு உண்டு. தம்பி சிவராமும் அணியில் இருந்தார். அப்போது பம்பாயிலிருந்து கே. நடராஜன் நடத்திவந்த 'இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்' இதழ், பல்வங்கர் சகோதரர்கள் இந்து அணியில் ஏற்கப்பட்டதைச் சமூக மாற்றத்தின் அடையாளமாகக் கண்டு எழுதியது. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த நடராஜன் முதலில் சென்னையிலிருந்து வெளிவந்த அவ்விதழைப் பம்பாய்க்குக் கொண்டு சென்றவர்.

இங்கிலாந்துப் பயணம்

1911-இல் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைமையில் அனைத்திந்திய அணி ஒன்று இங்கிலாந்து சென்றது. இந்துக்கள், பார்சிகள், முஸ்லிம்கள், சீக்கியர் ஆகியோர் அடங்கிய முதல் அணி அது. பாலுவும் சிவராமும் அதில் இடம்பெற்றனர். 23 ஆட்டங்களில் அணி 6-இல் வென்று 15-இல் தோற்றது. ஆயினும் பாலு எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து 114 விக்கெட்டுகளை 18.84 சராசரியில் எடுத்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 103 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் வில்ஃப்ரட் ரோட்ஸுடன் ஒப்பிட்டு 'இந்தியாவின் ரோட்ஸ்' என்று அவர் அழைக்கப்பட்டார்.

நாடு திரும்பிய பாலுவைப் பம்பாயின் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் தங்கள் நாயகனாக வரவேற்றனர். அப்போது பம்பாயில் கல்லூரி மாணவராக இருந்த பி.ஆர். அம்பேத்கரும் பாலுவைப் பெரிதும் மதித்தவர்.

தலைமைப் பதவி

அனுபவத்திலும் திறமையிலும் பாலுவே அணியில் மூத்தவராக இருந்தபோதும் இந்து அணியின் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. 1910-களில் தலைவராக இருந்த எம்.டி. பாய், தனக்கு நடந்த பாராட்டு விழாவிலேயே, இப்பதவி மூத்தவரான பாலுவுக்கு உரியது என்னும் பொருளில் பேசினார். தேர்வாளர்கள் முடிவை மாற்றவில்லை.

1920-இல் பாய் உடல்நலக்குறைவால் விளையாட இயலாதபோது தலைமை வேறொருவருக்குப் போனது. பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். இதற்குச் சாதியே காரணம் என்று கருதிய சிவராமும் விட்டலும் அறிக்கை வெளியிட்டு அணியிலிருந்து விலகினர். பொதுமக்களிடம் இது விவாதமானது. பார்சிகளுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் சகோதரர்கள் மீண்டும் அழைக்கப்பட்டனர். பாலு துணைத்தலைவர் ஆக்கப்பட்டார். அந்த ஆட்டத்தில் பாய் சிறிது நேரம் மைதானத்தைவிட்டு வெளியேற, அணியை வழிநடத்தும் வாய்ப்பு பாலுவுக்குக் கிடைத்தது. அவருடைய நீண்ட ஆட்ட வாழ்க்கையில் கிடைத்த தலைமை அவ்வளவே.

பாலு ஓய்வு பெற்றபின் 1923-இல் இந்து அணியின் தலைமை விட்டலுக்கு வந்தது. அவர் தலைமையில் இந்துக்கள் அவ்வாண்டுக் கோப்பையை வென்றனர். அண்ணனுக்கு மறுக்கப்பட்டது தம்பிக்குக் கிடைத்தது. விட்டல் பின்னர் மராத்தியில் தன்வரலாறு எழுதினார். பல்வங்கர் சகோதரர்களைப் பற்றிய முக்கியமான ஆவணம் அது.

பாலு 33 முதல்தர ஆட்டங்களில் 15.21 சராசரியில் 179 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்தியா தன் முதல் டெஸ்ட் போட்டியை 1932-இல்தான் ஆடியது. எனவே அவர் டெஸ்ட் ஆட்டம் எதிலும் இடம்பெறவில்லை.

அரசியல்

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தனித்தொகுதிகளை அறிவித்தது. காந்தி அதை எதிர்த்து எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். அம்பேத்கர் தனித்தொகுதிகளை ஆதரித்தார். சென்னை மாகாணத் தலைவர் எம்.சி. ராஜாவும் பாலுவும் கூட்டுத்தொகுதிகளை ஆதரித்தனர். செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தின்படி கூட்டுத்தொகுதிகளில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அம்பேத்கர், ராஜா, இரட்டைமலை சீனிவாசன், பாலு ஆகியோர் அதில் கையெழுத்திட்டனர்.

இந்து சமயத்தைவிட்டு வெளியேறப்போவதாக 1935-இல் அம்பேத்கர் அறிவித்ததைப் பாலு ஏற்கவில்லை. 1937-இல் பம்பாய் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். ஒரு காலத்தில் தான் போற்றிய வீரரை அம்பேத்கர் 2,020 வாக்குகளில் வென்றார்.

இருவரும் தீண்டாமையை அனுபவித்தவர்கள். இந்து அணிக்குள் இருந்தபடியே படிப்படியாக இடம்பெற்ற அனுபவம் பாலுவுக்கு இருந்தது. உள்ளிருந்து மாற்றலாம் என்ற அவரது நம்பிக்கையை இதனோடு சேர்த்துப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அதே அணி அவருக்குத் தலைமையை மறுத்தது என்பதும் அந்த அனுபவத்தின் பகுதியே.

மறைவு, மதிப்பீடு

பாலு 1955 ஜூலை 4 அன்று பம்பாயில் மறைந்தார். இறுதிச்சடங்கில் கிரிக்கெட் வீரர்களும் அரசியல் தலைவர்களும் கலந்துகொண்டனர். அதன்பின் பல பத்தாண்டுகள் கிரிக்கெட் நூல்களில் அவருக்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை. வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 2002-இல் வெளியிட்ட இந்தியக் கிரிக்கெட் வரலாற்று நூல் அவரை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

இந்தியக் கிரிக்கெட்டின் தொடக்கம் பெரும்பாலும் அரசர்களையும் செல்வந்தர்களையும் வைத்தே சொல்லப்பட்டு வந்தது. ஆடுகளத்தைப் பெருக்கிய கூலியாளர் ஒருவர் அவர்கள் எல்லோரையும்விடச் சிறந்த பந்துவீச்சாளராக விளங்கினார் என்பதைப் பாலுவின் வாழ்க்கை காட்டுகிறது. அவருடைய வெற்றிகளோடு மண்குவளையும் மறுக்கப்பட்ட தலைமையும் சேர்ந்ததே அந்த வரலாறு.