தையல் இல்லாத அங்கி

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



கல்வாரியில் படைவீரர் ஆண்டவரின் ஆடைகளை நான்கு பங்காகப் பிரித்துக்கொண்டார்கள். அங்கியை மட்டும் அவர்கள் பிரிக்கவில்லை. அது தையலே இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒன்றாக நெய்யப்பட்டது என்று யோவான் நற்செய்தியின் 19ஆம் அதிகாரம் சொல்கிறது. கிழித்தால் யாருக்கும் உதவாது என்று சீட்டுப் போட்டார்கள். 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகர ஆயர் புனித சிப்ரியான் இந்த அங்கியைத் திருச்சபையின் ஒற்றுமைக்கு அடையாளமாகக் கண்டார். நம் காலத்தில் அது மனித உயிரின் மாண்புக்கும் அடையாளமாயிற்று. அது எப்படி என்று இன்று பார்ப்போம்.

1973 ஜனவரி 22 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ‘ரோ எதிர் வேட்’ வழக்கில், கருக்கலைப்பு பெண்ணுக்கு அரசியல் சட்டம் தரும் உரிமை என்று தீர்ப்பளித்தது. அதை எதிர்த்துக் கத்தோலிக்கர் பலர் திரண்டார்கள். அதே ஆண்டுகளில் வேறு பல கத்தோலிக்கர் போருக்கும் அணு ஆயுதத்துக்கும் எதிராகவும், ஏழைத் தொழிலாளருக்காகவும் தெருவில் நின்றார்கள். இரு சாராரும் ஒரே பீடத்திலிருந்து நற்கருணை வாங்கினார்கள். வெளியே வந்ததும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

அந்நாள்களில் எய்லீன் ஈகன் என்ற பெண்மணி இருந்தார். பொதுநிலையினர், அமைதிக்காக உழைத்தவர், கொல்கத்தாவின் அன்னை தெரேசாவுக்கு நெடுங்காலத் தோழி. எல்லா உயிரையும் காப்பது தையல் இல்லாத அங்கி போன்றது, ஒரு பகுதியை விட்டுவிட்டு மறுபகுதியை மட்டும் காக்க முடியாது என்ற கருத்தை 1971லேயே சொன்னவர் அவர். அவருடைய தோழியின் வாழ்வும் அதுதானே? தெருவில் இறந்துகொண்டிருந்தவர்களைத் தூக்கி வந்த அன்னை, 1979இல் ஆஸ்லோவில் நொபெல் பரிசு பெற்றபோது, பிறவாத குழந்தைக்காகத்தான் உரக்கப் பேசினார்.

இந்தக் கருத்தை உலகம் அறியச் செய்தவர் சிக்காகோவின் பேராயர் கர்தினால் ஜோசப் பெர்னார்தின். இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்த குடும்பம். தந்தை கல் செதுக்கும் தொழிலாளி. மகனுக்கு 6 வயதாகும்போது புற்றுநோயில் இறந்தார். தாய் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். அமெரிக்க ஆயர்கள் 1983 மே மாதத்தில் அணுப் போருக்கு எதிராக வெளியிட்ட மேய்ப்புப்பணி மடலை உருவாக்கிய குழுவுக்கு இவர்தான் தலைவர். அதே ஆண்டின் இறுதியில், உயிரைக் காக்கும் பணிகளுக்கான ஆயர் குழுவின் தலைமையும் இவரிடம் வந்தது. ஒருவருடைய மேசையில் இரண்டு கோப்புகள்: ஒன்றில் அணுகுண்டு, மற்றதில் கருக்கலைப்பு. இரண்டையும் இணைக்கும் நூல் எது என்று அவர் கேட்டார்.

1983 டிசம்பர் 6 அன்று நியூயார்க்கின் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் அவர் தந்த பதில் இதுதான்: கருவிலிருந்து கல்லறைவரை மனித உயிர் கடவுளுடையது. கருவிலிருக்கும் குழந்தையின் வாழும் உரிமைக்காகப் பேசுகிறவர்கள், பசித்தவர், வீடற்றவர், வேலையற்றவர், உரிய தாள்கள் இல்லாத குடியேறியவர் ஆகியோருக்காகவும் அதே அளவு வெளிப்படையாக நிற்கவேண்டும்.

இரு பக்கமிருந்தும் எதிர்ப்பு வந்தது. கருக்கலைப்பைப் பத்துப் பிரச்சனைகளில் ஒன்றாகக் கரைத்துவிட்டார் என்றார்கள் சிலர். அந்த அச்சத்தை நாம் இலேசாக ஒதுக்கிவிட முடியாது. ஏழைகளுக்குத் திட்டம் போட்டோம், கருவைப் பற்றிக் கேட்காதீர்கள் என்று சொல்லும் அரசியல்வாதிக்கு இது சாக்காகிவிடலாம். நீதிக்காக உழைத்தவர்களில் சிலருக்கோ, கருவிலிருக்கும் குழந்தையும் தங்கள் பட்டியலில் வந்தது பிடிக்கவில்லை. கர்தினால் பொறுமையாக விளக்கினார்: இவை எல்லாம் ஒன்றல்ல, எல்லாவற்றுக்கும் எடையும் ஒன்றல்ல. எல்லாரும் எல்லாவற்றையும் செய்யவும் முடியாது. ஆனால் ஒன்றுக்காக உழைப்பவர் மற்றொன்றுக்கு எதிராளி ஆகக்கூடாது.

இது புதிதாக வந்த போதனையா? தொடக்கத் திருச்சபையின் ‘திதாக்கே’ என்னும் பழைய நூல், சாவின் வழியில் நடப்போரைப் பட்டியலிடுகிறது. ஏழைக்கு இரங்காதவரும், குழந்தையைக் கொல்பவரும், தேவையில் இருப்பவரைத் துரத்துபவரும் அங்கே அடுத்தடுத்து நிற்கிறார்கள். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்ற ஏட்டின் 27ஆம் பத்தியில் இதையே செய்தது. கொலை, இனப்படுகொலை, கருக்கலைப்பு, கருணைக்கொலை என்று தொடங்கி, மனிதருக்கு ஒவ்வாத வாழ்க்கைச் சூழல், அடிமைத்தனம், பெண்களையும் சிறாரையும் விற்பது, தொழிலாளரை வெறும் கருவியாக நடத்துவதுவரை ஒரே மூச்சில் கண்டித்தது. 1995இல் புனித இரண்டாம் யோவான் பவுல் ‘வாழ்வின் நற்செய்தி’ திருமடலில் அதே பத்தியை எடுத்துரைத்தார். கருக்கலைப்பை மிகக் கடுமையாகக் கண்டித்த அதே மடலில், மரண தண்டனைக்குத் தேவை ஏறக்குறைய இல்லை என்றார். 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ், அத்தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று மறைக்கல்வி ஏட்டைத் திருத்தினார்.

கர்தினால் பெர்னார்தினுக்கு 1995இல் கணையப் புற்றுநோய் என்று தெரியவந்தது. தம்மைப்போன்ற நோயாளிகளுக்கே தம் கடைசி மாதங்களைக் கொடுத்தார். 1996 நவம்பரில், இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, மருத்துவர் உதவியோடு தற்கொலை செய்வதை உரிமையாக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். இறந்துகொண்டிருப்பவரே எழுதிய கடிதம் அது. நவம்பர் 14 அன்று ஆண்டவரிடம் சென்றார்.

அன்பர்களே, நம் பங்கிலும் இந்த அங்கியைக் கிழிக்கும் கைகள் உண்டு. அவை நம் கைகளாகவும் இருக்கலாம். கருக்கலைப்புக்கு எதிராகக் கையெழுத்து வாங்குகிறோம். கணவன் கைவிட்ட கர்ப்பிணிப் பெண் கோவிலுக்கு வந்தால், அவளுக்குப் பக்கத்தில் உட்காரத் தயங்குகிறோம். கூலி உயர்வுக்காகக் கூட்டம் போடுகிறோம். மூன்றாவதும் பெண் என்று அறிந்த குடும்பம் என்ன செய்தது என்று நாம் கேட்பதில்லை. அவளுக்குச் சோறும் வேலையும் துணையும் தராமல், குழந்தையைப் பெற்றுக்கொள் என்று மட்டும் சொன்னால், நம் சொல்லை அவள் எப்படி நம்புவாள்? குழந்தையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீதி பேசினால், அந்த நீதி யாருக்கு?

இந்த வாரம் நாம் ஒன்று செய்வோம். இதுவரை நாம் எட்டிப்பார்க்காத பக்கத்தில் இருக்கும் ஒருவரைத் தேடிச் செல்வோம். சிலுவையடியில் படைவீரர்கூடக் கிழிக்கத் தயங்கிய அங்கியை நாம் கிழிக்காதிருக்க, ஆண்டவர் நமக்கு அருள் தருவாராக. ஆமென்.